தாழ்வாரத்தில் ஒரு மீன் தொட்டி: கொசுவுக்கு இடம் கொடுக்காமல் வளர்ப்பது எப்படி?

உங்கள் புளோக்கில் ஏதாவது ஒரு மாடியில் பார்த்திருப்பீர்கள். வாசல் ஓரத்தில் பெரிய கறுப்புத் தொட்டி, இல்லையென்றால் டிராகன் படம் போட்ட பழைய சீன ஜாடி. மேலே கொஞ்சம் பச்சை இலை. குனிந்து பார்த்தால் உள்ளே சின்னச் சின்ன மீன்கள். வடிகட்டி இல்லை, விளக்கு இல்லை, மின்சாரமே இல்லை. ஆனாலும் மீன்கள் ஜாலியாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

"இவ்வளவுதானா? நாமும் ஒண்ணு வைக்கலாமே!" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

6 கப்பி மீன்கள் வாங்கினேன். குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஓர் இரவு அப்படியே வைத்தேன். மறுநாள் மீன்களை விட்டேன். மூன்றாம் நாள் காலையில் மிச்சம் இருந்தவை இரண்டு. அந்த வாரமே அவையும் போய்விட்டன. மனசு விட்டுப்போய், தொட்டியை அப்படியே ஓரமாகத் தள்ளிவைத்தேன்.

சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், தண்ணீரில் ஏதோ நெளிகிறது. கொசுப் புழுக்கள்.

ஒரே தொட்டியில் இரண்டு தவறு. முதல் தவறு மீனைக் கொன்றது. இரண்டாவது தவறு பக்கத்து வீட்டுக்காரருக்கு டெங்கிக் காய்ச்சலைக் கொடுத்திருக்கலாம். பிறகுதான் ஒரு விஷயம் புரிந்தது. மீன் இருக்கும் தண்ணீர் அவ்வளவு ஆபத்தில்லை. மீன் இல்லாமல் சும்மா நிற்கும் தண்ணீர்தான் ஆபத்து. வெளியில் தொட்டி வைக்க நினைப்பவர்கள் முதலில் நினைவில் வைக்க வேண்டியது இதுதான்.

ஏன் கொசுவிலிருந்து தொடங்க வேண்டும்?

சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டில் மட்டும் 35,000க்கும் அதிகமானோருக்கு டெங்கி ஏற்பட்டது. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டியதில்லை. அதற்குப் பிடித்தது சுத்தமான, அசையாத தண்ணீர். அதாவது நாம் மீனுக்காகப் பிடித்து வைக்கும் அதே தண்ணீர்.

முட்டையிலிருந்து கொசுவாகப் பறப்பதற்கு நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய 7 நாள் போதும். பள்ளி விடுமுறைக்கு ஒரு வாரம் வெளியூர் போய்வருவதற்குள் கதை முடிந்துவிடும்.

இன்னொன்று. ஏடிஸ் கொசு பெரும்பாலும் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் உள்சுவரில் முட்டையிடும். அந்த முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். பிறகு தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும். அதனால், "தண்ணியைக் கொட்டிட்டேன், வேலை முடிஞ்சது" என்று விட்டுவிட முடியாது. காலித் தொட்டியை எடுத்து வைக்கும் முன் உள்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு கவிழ்த்து வைக்க வேண்டும்.

வீட்டில் கொசு உற்பத்தியாவது கண்டுபிடிக்கப்பட்டால் தேசியச் சுற்றுப்புற வாரியம் அபராதம் விதிக்கலாம். "மீன் வளர்க்கத்தான் வச்சேன்" என்பது அங்கே எடுபடாது.

மீன்தான் கொசுப் புழுவைத் தின்றுவிடுமே?

தின்னும். நன்றாகவே தின்னும். கப்பி மீனைப் பல வெப்பமண்டல நாடுகளுக்குக் கொண்டுபோய் விட்டதற்கே அதுதான் காரணம். கப்பியின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியும் டிரினிடாட் தீவும். டிரினிடாடிலிருந்து 1866இல் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அதன் மாதிரியை அனுப்பிவைத்தவர் ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி. அவர் பெயரே மீனுக்கு நிலைத்துவிட்டது.

இங்கே அதை 'லோங்காங் மீன்' என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். கம்பத்துக் காலத்தில் வளர்ந்த தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். கால்வாயில் இறங்கி, பழைய டின்னில் அதைப் பிடித்த கதை ஒன்றாவது இருக்கும்.

ஆனால், மீன் தின்ன வேண்டுமென்றால் மீன் அந்த இடத்துக்குப் போக முடிய வேண்டும். அது போக முடியாத இடங்கள் தொட்டியைச் சுற்றி நிறைய:

• பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு
• தொட்டி விளிம்பில் மழைநீர் தேங்கும் பள்ளம்
• அகல இலைச் செடிகளின் இலைக் கவட்டில் நிற்கும் தண்ணீர்
• "அடுத்த வாரம் மாத்த" என்று பிடித்து வைத்த வாளித் தண்ணீர்
• செடி வேர்விடட்டும் என்று தனியாகக் குவளையில் போட்ட தண்டு
• மீன் செத்துப்போன பிறகு கண்டுகொள்ளாமல் விட்ட தொட்டி

கடைசி இரண்டையும் நானே செய்திருக்கிறேன். தொட்டியை மட்டும் பார்த்தால் போதாது. தொட்டியைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்கு என்ன இருக்கிறது என்றும் பார்க்கணும்.

எங்கே வைக்கலாம்? எவ்வளவு பெரிய தொட்டி?

வீவக வீடு என்றால் முதல் கேள்வி தாழ்வாரம். தீ விபத்து நேர்ந்தால் மக்கள் தப்பிச் செல்வதற்குக் குறைந்தது 1.2 மீட்டர் அகல வழி இருக்க வேண்டும். தொட்டியை வைத்த பிறகு அளவுநாடாவால் ஒருமுறை அளந்து பாருங்கள். சக்கர நாற்காலியில் வரும் பக்கத்து வீட்டுப் பாட்டியும் அதே வழியில்தான் போக வேண்டும். உங்கள் நகர மன்றத்தின் விதிமுறைகளையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

தாழ்வாரச் சுவரின் மேலோ சன்னல் விளிம்பிலோ ஒருபோதும் வைக்கக் கூடாது. கீழே விழுந்தால் உயிர் போகும். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. 60 லிட்டர் தொட்டி என்றால் தண்ணீர் மட்டுமே 60 கிலோ. மண், கல், செடி எல்லாம் அதற்கு மேல். நிரப்பிய பிறகு நகர்த்த முடியாது. இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

அளவு? சின்ன மீன் என்பதால் சின்னக் கிண்ணம் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தலைகீழ். தண்ணீர் குறைவாக இருந்தால் வெயிலில் சீக்கிரம் சூடாகும். அழுக்கும் சீக்கிரம் சேரும். புதிதாகத் தொடங்குபவருக்கு 40 லிட்டருக்குக் குறையாத தொட்டி நல்லது. ஆழத்தைவிட அகலம் முக்கியம். தண்ணீரின் மேற்பரப்பு அகலமாக இருந்தால் காற்றிலிருந்து அதிக உயிர்வாயு கலக்கும்.

காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் விழும் இடம் சிறந்தது. மேற்கு பார்த்த தாழ்வாரத்தில் பிற்பகல் வெயில் நேராக அடிக்கும். அங்கே நிழல் வேண்டும்.

வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், தொட்டிக்கு உறுதியான வலை மூடி கட்டாயம். ஆழம் குறைவான தண்ணீரிலும் குழந்தை மூழ்கும் ஆபத்து உண்டு.

தரை வீட்டில் இருப்பவர்களுக்கு வேறு விருந்தாளிகள் வரலாம். பூனை, கொக்கு, நீர்நாய். நம் நீர்நாய்கள் தரை வீடுகளின் குளங்களில் புகுந்து கோய் மீன்களைக் காலி செய்த செய்திகளைப் படித்திருப்பீர்கள்.

குழாய்த் தண்ணீரை ஓர் இரவு வைத்தால் போதாதா?

போதாது. என் 6 கப்பிகள் செத்தது இதனால்தான்.

"ஒரு ராத்திரி வச்சா குளோரின் போயிடும்" என்பது பழைய அறிவுரை. குளோரின் மட்டும் கலந்த தண்ணீருக்கு அது ஓரளவு சரி. குளோரின் காற்றில் கலந்து வெளியேறிவிடும். ஆனால், சிங்கப்பூரின் குழாய்த் தண்ணீரைக் கிருமிகளிலிருந்து காக்கப் பயன்படுவது குளோரமைன். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது அது. நீண்ட குழாய்ப் பாதையில் வெகுநேரம் நிலைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே அதைச் சேர்க்கிறார்கள். அது ஓர் இரவில் போகாது.

நாம் குடித்தால் ஒன்றும் ஆகாது. மீனுக்கு நிலைமை வேறு. அதன் செவுள் வழியாகக் குளோரமைன் நேராக இரத்தத்தில் கலந்துவிடும். பிறகு இரத்தத்தால் உயிர்வாயுவைச் சரியாகச் சுமந்து செல்ல முடியாது. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். மீன் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

தீர்வு சுலபம். மீன் கடைகளில் கிடைக்கும் 'ஆன்டி-குளோரின்' திரவம். வாங்கும்போது லேபிளில் குளோரமைனையும் நீக்கும் என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். குளோரமைன் உடையும்போது கொஞ்சம் அம்மோனியா வெளிவரும். அதையும் கட்டுப்படுத்தும் வகை இருந்தால் இன்னும் நல்லது. தொட்டியில் தண்ணீர் சேர்க்கும் ஒவ்வொரு முறையும், லேபிளில் சொன்ன அளவுக்கு ஊற்றுங்கள்.

இதில் கொசு விஷயத்திலும் ஒரு லாபம் இருக்கிறது. தண்ணீரை நாள்கணக்கில் வாளியில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. பிடித்தோம், மருந்து கலந்தோம், ஊற்றினோம். அவ்வளவுதான்.

'ஒரு மாதம் காத்திருங்கள்' என்கிறார்களே?

மீன் வளர்ப்புக் காணொளிகளில் அடிக்கடி வரும் அறிவுரை: "தொட்டியைத் தயார் செய்து, மீன் விடாமல் 4 முதல் 6 வாரம் காத்திருங்கள்."

அதற்குக் காரணம் உண்டு. மீனின் கழிவிலிருந்தும் மிச்ச உணவிலிருந்தும் அம்மோனியா உருவாகிறது. அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை. செடிகள் அதை உரமாக எடுத்துக்கொள்ளும். இந்தப் பாக்டீரியாக்கள் கல்லிலும் மண்ணிலும் தொட்டிச் சுவரிலும் போதிய அளவு பெருகத்தான் அந்த 4 முதல் 6 வாரம்.

வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டி, மூடியோடு இருந்தால் அது நல்ல அறிவுரை. ஆனால், நம் தாழ்வாரத்தில் திறந்த தொட்டியை ஒரு மாதம் மீன் இல்லாமல் வைத்தால்? ஏடிஸ் கொசுவுக்கு 7 நாள் போதும் என்று பார்த்தோம். 4 வாரம் என்பது அதற்குத் தாராளம். குளிர் நாட்டில் இருப்பவர் சொன்னதை இங்கே அப்படியே செய்ய முடியாது.

அப்போ என்ன பண்ணலாம்? இரண்டு வழி.

ஒன்று, காத்திருக்கும் காலம் முழுவதும் தொட்டியை மெல்லிய கொசு வலையால் மூடுங்கள். சும்மா மேலே போட்டால் போதாது. விளிம்பைச் சுற்றி இறுக்கமாகக் கயிறு கட்டணும். வலை தண்ணீரில் படவும் கூடாது.

இரண்டு, செடிகளை நிறையப் போட்டு, இரண்டு மூன்று மீன்களோடு மட்டும் தொடங்குங்கள். ஏற்கெனவே நல்ல தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து ஒரு கை கல்லோ பழைய ஸ்பாஞ்சோ வாங்கிப் போடுங்கள். பாக்டீரியா அதோடு சேர்ந்து வரும். உணவை மிகக் குறைவாகக் கொடுங்கள். முதல் மாதத்தில் வாரம் இருமுறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். கடையில் கிடைக்கும் சோதனைப் பெட்டியால் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் பார்த்துவாருங்கள். இரண்டும் பூஜ்யத்தில் நிலைத்த பிறகு மற்ற மீன்களைச் சேருங்கள்.

மீன் போக முடியாத மூலைகளுக்கு 'பிடிஐ' என்ற மருந்து உதவும். அது கொசுப் புழுக்களைக் குறிவைக்கும் ஒரு பாக்டீரியா. மீனுக்குத் தீங்கு செய்யாது.

எந்தச் செடி?

மின்சாரம் இல்லாத தொட்டியில் செடிதான் வடிகட்டி. செடி இல்லாத வெளித் தொட்டி ரொம்ப நாள் தாங்காது.

தண்ணீருக்குள் வளரும் ஹார்ன்வொர்ட் புதியவர்களுக்கு நல்ல தொடக்கம். வேர்விட மண்கூடத் தேவையில்லை. சீக்கிரம் வளர்வதால் கழிவுச் சத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும். குஞ்சுகள் ஒளிந்துகொள்ளவும் இடம் கிடைக்கும். இடம் இருந்தால் குட்டை வகை அல்லியை மண் சட்டியோடு இறக்கலாம். அல்லிக்கு வெயில் அதிகம் வேண்டும்.

மிதக்கும் செடிகளில் கவனம் வேண்டும். தண்ணீர் லெட்டஸ் போன்றவை வெயிலைத் தடுக்கும், பாசியைக் குறைக்கும். ஆனால், மேற்பரப்பு முழுவதையும் மூடிவிட்டால் காற்று உள்ளே போகாது. மீனாலும் மேலே வந்து புழுவைப் பிடிக்க முடியாது. பாதிக்கு மேல் மூடவிடாதீர்கள். கூடுதலாக வளர்ந்ததை எடுத்துக் குப்பையில் போடுங்கள். கால்வாயிலோ குளத்திலோ போடக் கூடாது. அங்கே போனால் அது நீர்ப்பரப்பையே மூடிவிடும்.

தண்ணீர் பச்சையாகிவிட்டால் பயப்பட வேண்டாம். அது நுண்பாசி. லேசான பச்சை மீனுக்கு நல்லதுதான். பட்டாணி சூப் மாதிரிக் கெட்டியாகிவிட்டால்தான் பிரச்சினை. பகலில் உயிர்வாயு கொடுக்கும் அதே பாசி இரவில் உயிர்வாயுவை இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கினால் அது எச்சரிக்கை. வெயிலைக் குறையுங்கள், உணவைக் குறையுங்கள், கொஞ்சம் தண்ணீரை மாற்றுங்கள்.

எந்த மீன்?

கப்பி: உறுதியானது, மலிவானது, வண்ணமயமானது. சற்றுக் கடினமான தண்ணீர் பிடிக்கும். 40 லிட்டருக்கு 6 முதல் 8 போதும். ஆண்களை மட்டும் வாங்குங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மெடாக்கா: ஜப்பானின் நெல்வயல் மீன். அங்கே வீட்டு வாசலில் தொட்டி வைத்து இதை வளர்ப்பது பழைய வழக்கம். மேலே இருந்து பார்த்து ரசிப்பதற்கென்றே பல நிறங்களை உருவாக்கியிருக்கிறார்கள். 1994இல் கொலம்பியா விண்கலத்தில் போய், விண்வெளியிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த மீனும் இதுதான். முட்டையிடும் இனம் என்பதால் கப்பி போல மளமளவென்று பெருகாது. பெரிய மெடாக்காக்கள் முட்டைகளைத் தாங்களே தின்றுவிடும்.

பெட்டா: நாம் 'ஃபைட்டர்' என்று சொல்வது. காற்றை நேராகச் சுவாசிக்கும் உறுப்பு இதற்கு உண்டு. அதனால் அசையாத தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். ஒரு தொட்டிக்கு ஓர் ஆண் மட்டும். துள்ளிக் குதிக்கும் என்பதால் வலை மூடி அவசியம்.

ஹார்லிகுவின் ரஸ்போரா: நம் வட்டாரத்து மீன். சிங்கப்பூரின் இயற்கைப் பகுதியிலும் உண்டு. உடலில் கறுப்பு முக்கோணம் இருக்கும். கூட்டமாக இருந்தால்தான் நிம்மதியாக இருக்கும், அதனால் குறைந்தது 6 வேண்டும். கடையில் வளர்ப்பு மீனாக வாங்குங்கள். இயற்கை வனப்பகுதியிலிருந்து பிடிப்பது குற்றம்.

வேண்டாம் என்று சொல்லக்கூடியவை: தங்கமீன், கோய், 'சக்கர்' எனப்படும் பாசி தின்னும் மீன். கடையில் விரலளவு இருக்கும் சக்கர் 30 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். அப்போது அதை என்ன செய்வது?

வெயில், மழை, புகை

தண்ணீர் சூடானால் அதில் தங்கும் உயிர்வாயு குறையும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் உயிர்வாயுவை வைத்திருக்கும். 30 டிகிரியில் அது 7.6 ஆகும். 35 டிகிரியில் 7. அதே நேரத்தில் சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்கும், மூச்சும் அதிகம் தேவைப்படும். வரவு குறையும்போது செலவு கூடுகிறது. நிழல் கொடுங்கள், மீன் எண்ணிக்கையைக் குறைவாக வையுங்கள். வெயில் நேரத்தில் பனிக்கட்டியைக் கொட்டாதீர்கள். திடீர்க் குளிர்ச்சி இன்னும் மோசம்.

மழையும் சவால்தான். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. திறந்த இடத்தில் உள்ள தொட்டி ஒரே பிற்பகலில் நிரம்பி வழியும், மீனும் சேர்ந்து வழிந்து போகும். விளிம்புக்குக் கீழே ஒரு துளை போட்டு வலை ஒட்டினால் கூடுதல் தண்ணீர் மட்டும் வெளியேறும். மழைநீரில் தாது உப்புகள் மிகக் குறைவு. கப்பி வளர்ப்பவர்கள் ஒரு கை பவளத் துண்டுகளைத் தொட்டியில் போட்டு வைப்பது அதனால்தான். தாழ்வாரத்தில் வழியும் தண்ணீர் யாரையும் வழுக்கி விழச் செய்யாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, பலர் மறந்துவிடுவது: கொசுப் புகை. புகையடிக்கப் பயன்படும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கடும் விஷம். வீட்டில் அடிக்கும் கொசு ஸ்பிரேயும் அப்படித்தான். புகையடிக்கப் போவதாகப் புளோக்கில் அறிவிப்பு ஒட்டினால், அன்று தொட்டியைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடுங்கள். புகை கலைந்ததும் திறந்துவிடுங்கள். தாழ்வாரம் கழுவும் நாளிலும் புளோக்குக்குச் சாயம் பூசும் நாளிலும் இதையே செய்யலாம். சோப்புத் தண்ணீர் ஒரு கை தெறித்தாலே போதும், மீன்களுக்கு ஆபத்து.

மீன் பெருகிவிட்டால்?

இதுதான் யாரும் கடையில் கேட்காத கேள்வி.

பெண் கப்பி ஏறக்குறைய மாதம் ஒருமுறை குட்டி போடும். ஒரே ஈற்றில் 20, 30 குட்டிகள் சாதாரணம். ஒருமுறை ஆணுடன் சேர்ந்தால், விந்தணுவை உடலில் சேமித்துவைத்துப் பல ஈற்றுகள் போட முடியும். அதனால், "ஆண் இல்லாம பெண் மட்டும் வச்சா பெருகாது" என்பது தவறு. கடையிலிருந்து வரும் பெண் கப்பி பெரும்பாலும் வயிற்றோடுதான் வரும். ஒரு சோடி வாங்கியவர் ஆறு மாதத்தில் தொட்டி கொள்ளாமல் முழிப்பது இதனால்தான்.

அப்போது மனத்தில் வரும் யோசனை: "பக்கத்துக் கால்வாயில் விட்டுடலாமே, பாவம் சுதந்திரமா இருக்கட்டும்."

வேண்டாம். சிங்கப்பூரில் பூங்கா, நீர்த்தேக்கம், கால்வாய் எதிலும் அனுமதியின்றி விலங்குகளை விடுவிக்கக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் விசாக தினத்தை ஒட்டி, தேசியப் பூங்காக் கழகம் தன்னார்வலர்களோடு சேர்ந்து இதை மக்களுக்கு நினைவூட்டுகிறது.

சட்டத்துக்குப் பின்னால் நல்ல காரணமும் இருக்கிறது. வளர்ப்பு மீன்களில் பல இரை தேடப் பழகாதவை. சீக்கிரமே செத்துவிடும். பிழைத்துக்கொள்பவை இன்னும் பெரிய தொல்லை. தென் அமெரிக்காவின் பீக்காக் பாஸ் மீனும் மோட்டோரோ திருக்கை மீனும் இன்று நம் நீர்த்தேக்கங்களில் நிலைகொண்டிருக்கின்றன. இரண்டும் தாமாக இங்கே நீந்தி வந்தவை அல்ல. மனிதர்கள் கொண்டுவந்தவை. சக்கர் மீனும் அப்படித்தான். வளர்ப்புத் தொட்டியின் நோய்க்கிருமிகளும் மீனோடு சேர்ந்தே போகும்.

அதனால்தான் கப்பி என்றால் ஆண்களை மட்டும் வாங்கச் சொன்னேன். அடையாளம் காண்பது எளிது. ஆண் சின்னதாக, வண்ணமாக இருக்கும். அதன் அடிவயிற்றுத் துடுப்பு குச்சி போல நீண்டிருக்கும். பெண் பெரிதாக, நிறம் மங்கியதாக இருக்கும். துடுப்பு விசிறி வடிவம்.

ஏற்கெனவே பெருகிவிட்டதா? ஆண்களையும் பெண்களையும் பிரித்து வையுங்கள். நண்பர்களுக்கும் மீன் வளர்ப்புக் குழுக்களில் இருப்பவர்களுக்கும் கொடுங்கள். சில மீன் கடைகள் இலவசமாகத் தந்தால் ஏற்றுக்கொள்ளும். கேட்டுப் பாருங்கள்.

தினமும் என்ன செய்யணும்?

நிறைய இல்லை.

• காலையில் ஒரு நிமிடம்: மீன்களை எண்ணுங்கள். எல்லாம் சுறுசுறுப்பாக இருக்கிறதா? மேலே வந்து மூச்சு வாங்குகிறதா? செத்த மீன் இருந்தால் உடனே எடுங்கள்.

• உணவு: இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும். மிச்சம் அடியில் தங்கினால் அம்மோனியாதான். வாரத்தில் ஒருநாள் பட்டினி போட்டாலும் தப்பில்லை.

• இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை: சுற்றியுள்ள தட்டு, வாளி, குவளை எல்லாவற்றையும் பாருங்கள். தண்ணீர் இருந்தால் கொட்டி, உள்பக்கம் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள்.

• வாரம் ஒருமுறை: ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், ஆன்டி-குளோரின் கலந்து. பழைய தண்ணீரைப் பூச்செடிக்கு ஊற்றினால் அருமையான உரம். தொட்டி விளிம்பையும் நீர் மட்டத்துக்கு மேலே உள்ள உள்சுவரையும் துடைத்துவிடுங்கள்.

• வெளியூர் போகும் முன்: நல்ல செடிகள் உள்ள தொட்டியில் வளர்ந்த மீன்கள் சில நாள் உணவில்லாமல் இருக்கும். பக்கத்து வீட்டாரிடம் உணவு கொடுக்கச் சொன்னால், ஒரு வேளைக்கான அளவைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள். இல்லையென்றால் பாசத்தில் அள்ளிக் கொட்டிவிடுவார்கள்.

இனி வேண்டாம் என்று தோன்றினால்?

தோன்றலாம். தேர்வு வரும், தேசிய சேவை வரும், வீடு மாறுவீர்கள். அதில் தப்பில்லை. ஆனால், தொட்டியை மூடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் மீன்களுக்கு வேறு வீடு பாருங்கள். மீன்களை எடுத்த அதே நாளில் தண்ணீரைக் கொட்டுங்கள், நாளை என்று தள்ளிப்போடாதீர்கள். செடிகளைக் கட்டிக் குப்பையில் போடுங்கள். உள்சுவரைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, கவிழ்த்து வையுங்கள்.

என் தாழ்வாரத்தில் இப்போது 50 லிட்டர் தொட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே 7 ஆண் கப்பிகள், ஒரு கொத்து ஹார்ன்வொர்ட். எதிர்வீட்டு அக்கா வேலைக்குப் போகும்போது நின்று பார்த்துவிட்டுத்தான் மின்தூக்கிக்குப் போவார். முதல் நாளே கேட்டார்: "தம்பி, கொசு வராதே?"

அந்தக் கேள்வியை அவர் கேட்டது நியாயம்தான். தொட்டி என் வாசலில் இருந்தாலும் கொசு எந்த வீட்டுக்குப் பறக்கும் என்று சொல்ல முடியாது. "வராது அக்கா, ரெண்டு நாளைக்கு ஒருமுறை பாத்துக்கிறேன்" என்று சொன்னேன். அந்த வாக்கைக் காப்பாற்ற முடியும் என்று தோன்றினால், நீங்களும் ஒரு தொட்டி வைக்கலாம்.